வாளியில் டோக்கன் தீரும்போது

நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயலி திடீரென்று 429 என்ற பிழை எண்ணைக் காட்டி நிற்கிறது. ‘அளவுக்கு மேல் கேட்கிறாய்’ என்று சர்வர் சொல்வதற்காக 2012-ல் வரையறுக்கப்பட்ட எண் இது. தரவு கெடவில்லை, சர்வரும் விழவில்லை. ஒரே கிளவுட் தரவுத்தளத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது, யாரோ ஒருவருடைய நிரலில் நிற்காமல் சுற்றும் லூப் மற்றவர்களை முடக்கிவிடக் கூடாது. அதற்குத்தான் இந்த வேக வரம்பு.

வரம்பை எப்படி எண்ணுவது? நிமிடத்துக்கு 100 கோரிக்கை என்று கடிகாரத்தை வைத்து எண்ணினால் ஓட்டை விழும். நிமிடத்தின் கடைசி நொடியில் 100, அடுத்த நிமிடத்தின் முதல் நொடியில் 100 என்று இரண்டே நொடியில் 200 வந்து இறங்கிவிடும். அதனால் பல இடங்களில் டோக்கன் வாளி முறை பயன்படுகிறது. 100 டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, கொள்ளும் வாளியில் நொடிக்கு 10 டோக்கன் விழுகிறது. ஒவ்வொரு கோரிக்கையும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. நிறைந்த வாளி திடீர் நெரிசலைத் தாங்கும். காலியானால் நொடிக்குப் பத்துதான்.

எல்லாக் கோரிக்கைக்கும் ஒரே விலை இல்லை. அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில் உறுதியான வாசிப்புக்கு (கடைசியாக எழுதியதையே தரும் வாசிப்பு) 4 கிலோபைட்டுக்கு ஓர் அலகு, எழுதுவதற்கு 1 கிலோபைட்டுக்கே ஓர் அலகு. 20 கிலோபைட் பதிவைப் படிக்க 5 அலகு போதும். எழுத 20 வேண்டும். பெரிய பதிவில் ஒரே ஒரு புலத்தை மாற்றினாலும் முழுப் பதிவுக்கும் கணக்குதான்.

நாள் ஒதுக்கீடு வேறு வகை. கூகுளின் ஃபயர்ஸ்டோர் தரவுத்தளத்தில் இலவசமாக நாளொன்றுக்கு 50,000 வாசிப்பு கிடைக்கிறது. திறக்கும்போதெல்லாம் 500 ஆவணங்களை இழுக்கும் ஒரு திரையை 100 முறை திறந்தால் அது தீர்ந்தது. இங்கே காத்திருந்து பயனில்லை. பக்கம் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதும், எடுத்ததைச் சேமித்து வைப்பதும்தான் வழி.

429 வந்ததும் உடனே மீண்டும் கேட்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அது நெரிசலைக் கூட்டும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று பதிலிலேயே சர்வர் சொல்லியிருந்தால் அதை மதிக்க வேண்டும். சொல்லாவிட்டால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்கலாம். ஆனால் ஒரே கணத்தில் மறுக்கப்பட்ட ஆயிரம் இயந்திரங்களும் இதே கணக்கைப் போட்டால், ஆயிரமும் மறுபடி ஒன்றாகவே வந்து முட்டும். இடைவெளியைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் கூட்டம் கலையும். 1970-களில் உருவான ஈதர்நெட்டும், ஒரே கம்பியில் மோதிக்கொண்ட கணினிகளை இப்படித்தான் பிரித்தது.

மொத்த ஒதுக்கீடு மிச்சமிருந்தும் மறுப்பு வரலாம். டைனமோடிபி தரவைப் பல பகுதிகளாகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொன்றும் நொடிக்கு 1,000 எழுதும் அலகுகள்தான் தாங்கும். பதிவு எந்தப் பகுதிக்குப் போகும் என்பதை அதன் சாவி முடிவு செய்கிறது. இன்றைய தேதியையே சாவியாக வைத்தால், இன்றைய பதிவெல்லாம் ஒரே இடத்தில் குவியும். தேதியோடு 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் எண்ணை ஒட்டினால் சுமை பத்தாகப் பிரியும். படிக்கும்போது பத்துச் சாவிகளிலும் தேட வேண்டியிருக்கும்.