எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள்

இந்தக் கோடையில் கொப்புளம் வந்த கையை நீட்டிக்கொண்டு என் அறைக்குள் நுழைந்த நான்காவது ஆள் அவர். சொகுசுக் கப்பலில் வேலை. தங்கை கல்யாணத்துக்காகக் குளச்சலுக்கு வந்தவர், மறுநாள் மதியம் மொட்டை மாடியில் சொந்தக்காரப் பையன்களுக்கு, கப்பலில் கற்றுக்கொண்ட ஒரு பானத்தைக் கலந்து கொடுத்திருக்கிறார். மெக்சிகோ மதுவான டெக்கீலா 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. ஐஸோடு குலுக்கி டம்ளரில் ஊற்றிவிட்டு, கரண்டியின் முதுகு வழியாகச் சிவப்பு ஒயினை மெல்ல விட்டால் அது மேலே தனி அடுக்காக நிற்கும். பாகு கலந்த கீழ்ப்பகுதி கனம் கூடியது, அதனால். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு சுற்று. ஏறக்குறைய ஐம்பது எலுமிச்சம்பழத்தை வெறுங்கையால், உச்சி வெயிலில் நின்று பிழிந்திருக்கிறார்.

மறுநாள் எரிச்சல். மூன்றாம் நாள் விரலிடுக்கிலிருந்து மணிக்கட்டு வரை கொப்புளம். சாறு முழங்கைப் பக்கம் வழிந்த தடம் கோடு கோடாகச் சிவந்து கிடந்தது.

கூட வந்த பெரியம்மாவிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. "டாக்டரே, அது கள்ளிச் சாராயமாம். கள்ளிப்பால் கையில பட்டிருக்கு. அதுக்கு மேல ஒயினையும் ஊத்தியிருக்கான். ரெண்டும் சேர்ந்து விஷமாயிட்டுது."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. டெக்கீலா கள்ளியிலிருந்து வருவதில்லை. மெக்சிகோவில், பெரும்பாலும் ஹாலிஸ்கோ மாநிலத்தில் விளையும் நீல அகேவ் என்ற செடியிலிருந்து வருகிறது. நம் ஊரில் தண்டவாளத்து ஓரமும் வேலியோரமும் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம் அது. கள்ளி வேறு குடும்பம், அதன் பால் வேறு சங்கதி. அகேவின் பச்சைச் சாற்றிலும் தோலைக் குத்தி அரிக்க வைக்கும் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு, மறுக்கவில்லை. தோட்டத்தில் அதை வெட்டுகிறவர்களுக்குத் தொல்லை வரும். ஆனால் அதன் நடுத்தண்டை வேகவைத்து, சாறு எடுத்து, புளிக்கவிட்டு, ஆவியாக்கி வடித்த பிறகு அந்தப் படிகம் புட்டிக்குள் ஏறி வராது. ஒயினும் டெக்கீலாவும் கலந்தால் விஷம் பிறக்கும் என்பதற்கும் அடிப்படை இல்லை. மேலே ஒயின் சிவப்பாக நின்றது, கையும் சிவந்தது, அதனால் ஒயின்மேல் பழி. குடியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு. இந்தக் கொப்புளத்தில் அந்த இரண்டு புட்டிகளுக்கும் பங்கில்லை.

காரணம் எலுமிச்சை. அதோடு வெயில். எலுமிச்சையில், சாற்றைவிடத் தோலில் அதிகமாக, ஃபுரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் விழுந்தால் புண்ணாகும். ஒவ்வாமை இல்லை இது, யாருக்கும் வரலாம். ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்று பெயர். மெக்சிகோக்காரர்கள் டெக்கீலாவோடு பிழியும் சிறிய எலுமிச்சையும் நம் சந்தையில் கிடைக்கும் எலுமிச்சையும் ஒரே இனம் என்பதால், டெக்கீலாவும் எலுமிச்சையும் சேர்ந்த மார்கரிட்டா என்ற பானத்தைக் கலப்பவர்களுக்கு வருவது நம் சர்பத் கடைக்காரருக்கும் வரும். அவர்கள் கையில் கறுப்புத் திட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தோல் மருத்துவத்தில் இதே வினையை மருந்தாகவும் பயன்படுத்துகிறோம். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசி விதையில் உள்ள சோராலென் இந்த வகைப் பொருள்தான். அளவு பார்த்து, ஒளி பார்த்துக் கொடுத்தால் நிறம் வரும். மொட்டை மாடியில் அளவு பார்க்க ஆள் கிடையாது.

பிழிவதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிழிகருவியோ கையுறையோ பயன்படுத்துங்கள். வெளியே இறங்கும் முன் சோப்புப் போட்டு விரலிடுக்கு, முழங்கை, வாயோரம் வரை கழுவுங்கள். தண்ணீரில் கையை நனைத்துவிட்டுத் துண்டில் துடைப்பது போதாது. மேகமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், இந்தக் கதிர் மேகத்தைத் தாண்டி வரும், காரின் பக்கக் கண்ணாடியையும் தாண்டும்.

கொப்புளம் வந்துவிட்டதா? உடைக்காதீர்கள். ஈரத்துணி வையுங்கள். பற்பசையும் மஞ்சளும் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு சேர்ந்த கலவைக் களிம்பு வேண்டவே வேண்டாம், மக்களே. ஸ்டீராய்டு தேவையா, எத்தனை நாள் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொப்புளம் ஆறிய பிறகு கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், பிறகு தானாகவே மங்கும். அதுவரை அந்த இடத்தை வெயிலில் காட்டாதீர்கள். அந்தக் கறுப்பைப் போக்க எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது? போன வருடம் ஒரு கல்லூரிப் பெண் அப்படித் தேய்த்துவிட்டு முட்டம் கடற்கரைக்குப் போய் வந்தாள். கன்னம் முழுக்கப் புதிதாகக் கொப்புளம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கப்பல்காரர் பிழிந்து முடித்த கையோடு அக்காவின் நான்கு வயது மகளைத் தூக்கியிருக்கிறார். குழந்தையின் விலாவில் ஐந்து விரலும் பதிந்தாற்போலச் சிவந்த தடம். வீட்டில் இரண்டு நாள் பெரிய சண்டை. பிள்ளையை அடித்தது யார் என்று பாட்டியைக் கேட்டிருக்கிறார்கள், ஆயாவைக் கேட்டிருக்கிறார்கள். இவர் கையைக் காட்ட வந்த இடத்தில் அந்தப் பேச்சு தற்செயலாக வெளிவந்தது. குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி, அவர் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். அச்சு அப்படியே பொருந்தியது.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.