ஒரு டாட் எத்தனை டிகிரி?

டாட்னா தட்டைத் துணி உடம்பு வளைவுல படியுறதுக்காக, இடுப்புல அகலமா ஆரம்பிச்சு கீழ கூர்மையா முடியுற மாதிரி மடிச்சுத் தைக்கிறது. சீட்னா பின்பக்கம் அகலமா இருக்குற இடத்தோட சுத்தளவு. போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. "அக்கா, இடுப்பு 28, சீட் 38, ரெண்டையும் டேப் வச்சு சரியாத்தான் எடுத்தேன், பென்சில் ஸ்கர்ட் தைச்சேன், டாட்டும் பிடிச்சேன், ஆனா பின்னாடி டாட் முடியுற இடத்துல ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி குத்திட்டு நிக்குது, அதுக்குக் கீழ துணி தொளதொளன்னு கிடக்குது, எங்க தப்பு?" கூடவே போட்டோவும் வந்துச்சு, நீலக் கட்டம் பிரிண்ட் பண்ண காட்டன். டாட்டோட அகலம் ஒன்றரை இஞ்ச், நீளம் இரண்டரை இஞ்ச்னு அளவும் எழுதியிருந்தாங்க, அது ரொம்ப நல்லதாப் போச்சு.

அடிப்படை விஷயத்தை வேகமா சொல்லிடுறேன். காட்டன் துணியை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணில நனைச்சு காயவச்சிருங்க, தறில இழுத்துப் பிடிச்சு நெய்ஞ்ச நூல் முதல் தண்ணில தளர்ந்து சுருங்கும். பாவு நூல், அதாவது துணியோட நீளத்துல ஓடுற நூல், உடம்போட நீளவாக்குல வரணும். பிரிண்ட் கோடு நேரா இருக்குன்னு நம்பி வெட்டாதீங்க, பிரிண்ட் அடிக்கும்போது துணி கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா பிரிண்ட் ஒரு பக்கம் நூல் ஒரு பக்கம்னு போகும், ஊடைல, அதாவது குறுக்கே ஓடுற நூல்ல, ஒண்ணை உருவிப் பாத்தா தெரிஞ்சிரும். கீழ ஸ்லிட் விடுறது நடக்குறதுக்கு, 1910 வாக்குல ஐரோப்பால கணுக்கால்கிட்ட இறுக்கிப் பிடிச்ச பாவாடை ஃபேஷனா இருந்தப்போ பொண்ணுங்க அடி எடுத்து வைக்கவே கஷ்டப்பட்டிருக்காங்க.

இப்போ டாட்டுக்கு வருவோம்.

கோயில்ல பிரசாதம் வாங்குற தொன்னையைப் பாருங்க. இலை தட்டையானது, அதை எப்படி வளைச்சாலும் கிண்ணமாகாது, ஓரத்துல ஒரு மடிப்பு மடிச்சு ஈர்க்குச்சி குத்தினாத்தான் குழி விழும். அந்த மடிப்பு அப்படியே ஒரு டாட்தான். கடலைப் பொட்டலத்துல பேப்பர் சும்மா சுருண்டுதான் இருக்கு, பிரிச்சா மறுபடி தட்டையாயிரும், ஆனா பந்து மேல அதே பேப்பரைப் போத்திப் பாருங்க, கசங்காம ஒட்டவே ஒட்டாது. ஏன்னு 1827ல ஜெர்மனில காஸ்ங்கிற கணித அறிஞர் நிரூபிச்சார்: ஒரு பரப்பை இழுக்காம கிழிக்காம எப்படி வளைச்சாலும் அதுக்குள்ள இருக்குற ஒரு வளைவு எண் மாறவே மாறாது, தட்டைக்கு அது சைபர், பந்துக்கு சைபர் இல்ல. ஹானோவர் நாட்டை நில அளவை பண்ணிக்கிட்டு இருந்தவர் அவர், அளக்குறவங்களுக்குத்தான் இதெல்லாம் தோணும்னு நெனைக்கிறேன்.

உடம்போட சீட் பகுதி மேலயும் கீழயும் வளையுது, பக்கவாட்டுலயும் வளையுது, பந்து மாதிரி. துணி தட்டை. அதனால துணிலேருந்து ஒரு ஆப்பு வடிவத்தை எடுத்தாகணும். டாட் பிடிக்கிறப்போ அதைத்தான் பண்றோம். டாட் முனையைச் சுத்தி முன்னாடி 360 டிகிரி துணி இருந்துச்சு, ஒன்றரை இஞ்ச் அகலம், 5 இஞ்ச் நீளம்னு ஒரு டாட் பிடிச்சா அந்த முனைல சுமாரா 17 டிகிரி உள்ள போயிருது, மிச்சம் 343. அந்த 17 டிகிரிதான் நீங்க துணிக்குக் கொடுத்த வளைவு, அது மொத்தமும் முனைங்கிற அந்த ஒரே புள்ளில உக்காந்திருக்கு! டாட்டோட மத்த இடமெல்லாம் தட்டைதான், வளைவு முனைல மட்டும்தான்.

தங்கச்சி பிடிச்சதுல அகலம் அதே ஒன்றரை, நீளம் பாதி. கணக்குப் போட்டா 33 டிகிரிக்கு மேல வருது. அவ்வளவும் ஒரு புள்ளில குவிஞ்சா கொம்பு முளைக்காம என்ன பண்ணும்? சீட் அளவு முழுசும் இரண்டரை இஞ்சுக்குள்ள வந்துருச்சு, உடம்பு அந்த அளவுக்கு வர இன்னும் 5 இஞ்ச் கீழ போகணும், அதான் தொளதொள.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கட்டம் போட்ட பிரிண்ட்ல இந்த டிகிரியை கண்ணால பாக்கலாம். டாட்டை மூடினதும் ரெண்டு பக்கத் துணியும் பாதிப்பாதி திரும்பும், அப்போ படுக்கைக் கோடுகள் தையல்ல வந்து லேசா விரிஞ்ச இங்கிலீஷ் 'V' மாதிரி உடையும். அந்த உடைசல் எத்தனை டிகிரியோ அத்தனைதான் டாட்டோட கோணம். முனைக்குக் கீழ கோடு உடையாம நேரா ஓடும். காஸ் சொன்ன எண்ணை ஸ்கூல் ஜாமெட்ரி பாக்ஸ் வச்சு ஸ்கர்ட் மேல அளக்கலாம். பெரிய கட்டம், பட்டைக் கோடு இதெல்லாம் பென்சில் ஸ்கர்ட்டுக்கு கஷ்டம்னு டெய்லருங்க சொல்றதும், அங்கங்க இறைச்ச மாதிரி சின்னப் பூ போட்ட பிரிண்ட் எல்லாத்தையும் மறைச்சிரும்னு சொல்றதும் இதனாலதான்.

அப்போ ஒவ்வொரு டாட்டும் கூம்பு மாதிரி குத்தணுமே, நல்லா தைச்ச ஸ்கர்ட்ல மட்டும் ஏன் வழவழன்னு இருக்கு? ஏன்னா துணி பேப்பர் இல்ல. 1878ல பாரிஸ்ல செபிஷேவ்ங்கிற ரஷ்யக் கணித அறிஞர் துணி வெட்டுறதைப் பத்தியே ஒரு உரை நிகழ்த்தினார், அவர் பார்வைல துணிங்கிறது நீளம் மாறாத ரெண்டு வரிசை நூல், நூல் நீளாது ஆனா பாவும் ஊடையும் சந்திக்கிற கோணம் மாறும், சதுரம் சாய்ஞ்சு டைமண்ட் ஆகும். கிராஸா, அதாவது நூலுக்குச் சாய்வா வெட்டின துண்டை இழுத்தா நீளுறதும், கிராஸ் கட் ப்ளவுஸ் உடம்போட படியிறதும் இந்தச் சாய்வாலதான். டாட் முனையைச் சுத்தி இருக்குற கட்டங்கள் ஆளுக்குக் கொஞ்சம் சாய்ஞ்சு அந்த 17 டிகிரியைப் பங்கு போட்டுக்குது. துண்டை இறுக்கி உருண்டையா சுருட்டி, அது மேல முனையை வச்சு ஆவி விட்டு அயர்ன் பண்ணா, பருத்தியோட செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவுல இருக்குற ஹைட்ரஜன் பிணைப்பு ஈரத்துலயும் சூட்டுலயும் விட்டுப்போய் சாய்ஞ்ச நிலையிலேயே மறுபடி பிடிச்சுக்கும். தட்டையான டேபிள்ல அயர்ன் பண்ணா இது நடக்காது.

இன்னொண்ணு, இடுப்பு 28 சீட் 38 உள்ள ரெண்டு பேருக்கு வளைவு ஒரே இடத்துல இருக்காது, டேப்பால அதைச் சொல்லவும் முடியாது. ஜவுளி அமைச்சக உதவியோட நிஃப்ட்ங்கிற அரசு ஃபேஷன் கல்லூரி நம்ம ஊர் உடம்பு அளவுகளுக்காக எடுத்த இந்தியாசைஸ் ஆய்வுல 6 நகரங்கள்ல 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர்ல அளக்குறதுன்னு திட்டம், தெற்குக்கு பெங்களூரு. நல்ல வேலை, ஆனா இத்தனை பெரிய நாட்டுக்கு 6 ஊர் பத்தாது, இன்னும் நிறைய பணம் போடணும், அந்த அளவுகள் பெரிய கம்பெனிங்களுக்கு மட்டும் இல்லாம தெருமுனைல மிஷின் போட்டு உக்காந்திருக்குற அக்காவுக்கும் கிடைக்கணும்.

தங்கச்சி, டாட்டைப் பிரிச்சிருங்க. பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு டாட், ஒவ்வொண்ணும் முக்கால் இஞ்ச் அகலம், 5 இஞ்ச் நீளம், அப்போ ஒரு முனைக்கு எட்டரை டிகிரிதான் வரும். முன்பக்கம் வயித்தோட வளைவு இடுப்புக்குப் பக்கத்துலயே வந்துர்றதால, அங்க டாட் நீளம் மூணு மூணரை இஞ்ச் போதும். முனைகிட்ட வர்றப்போ கடைசி ரெண்டு மூணு தையல் மடிப்பு ஓரத்தை ஒட்டியே ஓடணும், அங்க ரிவர்ஸ் தையல் போடாம நூலை நீளமா விட்டு கையால முடிச்சுப் போடுங்க. அயர்ன் பண்ணிட்டு அந்த நீலக் கட்டம் எத்தனை டிகிரி உடையுதுன்னு அளந்து எனக்கு எழுதுங்க.