முதலில் ஒரு மழை பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. தலைவாசல் நிலைக்கு மேலே இருக்கும் அயனி மரச் சட்டத்தில் நாலு குறி செதுக்கியிருந்தது. ஆயிரம், ஆறு, பத்து, அப்புறம் ஒன்றாம் தானத்துக்கு ஒரு குறி. பழைய திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டைத் தமிழ் எண்ணில் எழுதியது. ௲௬௰ வரைக்கும் இப்போதும் படிக்கலாம். கடைசிக் குறி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மரம் தேய்க்கும் மெஷினை வைத்து அதைத் தேய்த்துவிட்டார்கள். தேய்த்தது வீட்டைக் காப்பாற்ற வந்த பிள்ளைகள்.

ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், ஒரு வங்கி ஊழியர், ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் வரலாற்று வட்டம் அது. வீட்டுக்காரர்கள் வளைகுடாவிலும் திருவனந்தபுரத்திலுமாக இருக்கிறார்கள். சாவியை இவர்களிடம் கொடுத்து, "கூரை விழாம பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு நிலையில் அப்பியிருந்த பச்சை எனாமல் பெயிண்டை எடுத்தால் மரம் அழகாகத் தெரியுமே என்று ஆசைப்பட்டு மெஷினை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தேய்த்த பையன் திண்ணையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "பெயிண்டுக்கு அடியில எழுத்து இருக்கும்னு தெரியாது ஸார்" என்றான். கொல்லம் 1061 முதல் 1069 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆங்கில வருடக் கணக்கில் 1885க்கும் 1894க்கும் நடுவே. அந்த வீட்டின் வயது இனி இப்படித்தான், ஒரு ஒன்பது வருட இடைவெளியாகத்தான், எழுதப்படும்.

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். சிவில் இன்ஜினியர். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிலும் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமும் இப்படிப்பட்ட குழுக்கள் என்னைக் கூப்பிடுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும், 1956இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், அதைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அதற்கு ஆள் உண்டு, பணம் உண்டு. விளையும் தொழுத்தும் (மாட்டுத் தொழுவம்) கிணறும் சேர்ந்த நம்முடைய சாதாரண வீடுகளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்தான் துறை. அதனால்தான் அவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாவி கைக்கு வந்த முதல் வருடம் எதையும் புதுப்பிக்காதீர்கள். ஒழுகினால் தார்ப்பாய் போடுங்கள், சாயும் தூணுக்கு முட்டுக் கொடுங்கள், வயரிங்கைச் சரிபாருங்கள். மற்றபடி ஒரு மழை முழுக்க வீட்டைப் பாருங்கள்.

நமக்கு மழையும் இரண்டு. இடவப்பாதி ஜூனில் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஒரே வீட்டின் இரண்டு பக்கச் சுவர்கள் இரண்டு வேறு மாதங்களில் நனைகின்றன. மே மாதம் வந்து பார்த்துவிட்டு "சுவர் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டு போகிறவருக்கு இது தெரியாது. மழை பெய்யும்போதே குடையோடு போய் நிற்க வேண்டும். தண்ணீர் எந்த ஓட்டிலிருந்து எந்தக் கழுக்கோலுக்கு (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்துக்கு) இறங்குகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து எவ்வளவு உயரத்துக்குச் சுவரில் தெறிக்கிறது, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் கழுக்கோல் வழியே ஐந்தாறு அடி ஓடிவந்து, ஏதாவது முடிச்சில் தட்டித்தான் கீழே விழும். வெயில் காலத்தில் தரையிலுள்ள கறையை வைத்துக் கூரையில் ஓட்டை தேடினால் தவறான இடத்து ஓடுகளைத்தான் மாற்றுவீர்கள்.

திருவட்டாறு வீட்டில் கூடத்துத் தூண் ஒன்றின் அடியைச் சுற்றிச் சிமெண்டில் ஒரு திண்டு கட்டியிருந்தார்கள். அதைக் கட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. மரம் தண்ணீரில் ஊறாமலிருக்க யாரோ நல்ல மனதோடு செய்தது. திண்டுக்கு மேலே தூண் கரும்பழுப்பாக, உறுதியாக நின்றது. விரல் முட்டியால் தட்டினால் மேலே 'டக்' என்று கேட்டது. கீழே வர வரச் சத்தம் மங்கியது. திண்டின் விளிம்பில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரமான காப்பித்தூள் மாதிரி மரம் ஒட்டிக்கொண்டு வந்தது. முன்னால் அந்தத் தூண் கருங்கல் அடிக்கல்லின் மேல் காற்றுப்பட நின்றிருக்கிறது, நனைந்தால் காய்ந்திருக்கிறது. சிமெண்டுத் திண்டு வந்த பிறகு உள்ளே இறங்கிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லை.

சுவரிலும் இதே கதைதான். செம்புரைக் கல்லான வெட்டுகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அது நோய் ஒன்றும் இல்லை, உறிஞ்சியதைச் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஈரம் இன்னும் மேலே ஏறி உத்தரத்தைத் தொடும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, கல்லின் முகத்தையே பொரியவைத்து உதிர்க்கும். "சிமெண்டு பூசுன இடம் மட்டும் நல்லா இருக்கு ஸார், அதுக்கு மேலதான் இப்போ பொரியுது" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பூச்சை இடிக்கும்போது சாந்தைவிட வலுவான சிமெண்டு கல்லையும் பெயர்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணல் என்பது பொதுவான கணக்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரை நம் கொத்தனார்கள் இன்னும் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லத்தான் இறுகும். அதனால் கனமாக ஒரே தடவை பூசாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூசி, ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும். மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும் தை, மாசிதான் நம் பக்கத்துக்குத் தோதான காலம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். நீற்றும் இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி போடாத மாணவர் யாரும் நிற்கக் கூடாது.

ஓட்டு வேலை சித்திரைக்கு. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைதான் இந்தப் பள்ளம் வைத்த ஓடுகளுக்குத் தொடக்கம். அப்புறம் கொல்லம், பெரோக் என்று பல ஊர்களில் வந்தன. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கம்பெனிப் பெயர் இருக்கும். அது முக்கியம். ஒரு கம்பெனி ஓட்டின் விளிம்பு இன்னொரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராது, நூலளவு தூக்கி நிற்கும். பெருமழையில் காற்று அந்த இடுக்கு வழியே தண்ணீரை உள்ளே தள்ளும். புது ஓடு வாங்கிப் போட்டும் ஒழுகுகிறது என்று வருகிற புகாரில் பாதி இதுதான். பக்கத்து ஊரில் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அதே பெயர் பொறித்த ஓடுகளைக் கேட்டு வாங்கித் தொழுத்தில் நிறுத்திவைத்து அடுக்குங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத சேமிப்பு அது.

அன்றைக்கு உற்சாகத்தில் ஒரு பையன் ஏணி வைத்துக் கூரையில் ஏறப் பார்த்தான். வயதான ஆசாரி ஒருவர் சத்தம் போட்டார்: "மக்கா, ஓட்டுக்க நடுவுல சவுட்டாத. ஒடஞ்சா ஓடு மட்டும் போகாது, நீயும் போவ." அப்புறம் அவரே உள்ளிருந்து பலகை கட்டி நின்றுகொண்டு, உடைந்த ஓட்டுக்கு மேலிருந்த ஓடுகளை விரலால் கொஞ்சம் தூக்கி, உடைந்ததைக் கீழ்ப்பக்கமாக உருவி எடுத்து, புதியதைச் சொருகிக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் பலகை போட்டு, பட்டியல் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) வரும் வரிசையில் பாரம் இறங்கும்படி போக வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும். உளுத்த கூரையில் தன்னார்வலர்கள் ஏறவே கூடாது என்பது என் கருத்து. அதற்குக் கூலி கொடுத்து ஆளை வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது நம் புத்தகங்களில் இல்லை.

சிதல் (கரையான்) விஷயத்தில் எல்லாரும் பதறுகிறார்கள். சுவரில் மண் வரியைப் பார்த்தவுடன் துடைப்பத்தால் தட்டிவிட்டு, மருந்துக்கு ஆள் தேடுகிறார்கள். தட்டாதீர்கள். அந்த மண் வரிதான் சிதல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வழிப்படம். நடுவில் ஒரு விரல்கடை மட்டும் உடைத்துவிட்டு, சுவரில் பென்சிலால் தேதி எழுதுங்கள். நாலைந்து நாளில் ஈர மண்ணால் அடைத்திருந்தால் சிதல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டில் வரி, அடுக்களைச் சுவரில் சாய்த்து அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னாலிருந்து கிளம்பியிருந்தது. விறகை எடுத்தார்கள், சுவரோரம் குவிந்திருந்த மண்ணைச் சரித்துத் தண்ணீர் வெளியே ஓடும்படி செய்தார்கள். அடுத்த மாதம் உடைத்த இடம் உடைந்தபடியே இருந்தது. மண்ணுக்கு மருந்து விடத்தான் வேண்டுமென்றால் தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். நம் வீடுகளில் கிணறு அடுக்களையை ஒட்டியே இருக்கிறது, விட்ட மருந்து குடிதண்ணீரில் இறங்கலாம். மரத்துக்கு முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் நம் பக்கத்துப் பழைய வழக்கம், நல்ல காவல். ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. விறகடுப்பு எரிந்த காலத்தில் புகை ஏறி ஏறி அடுக்களைக் கூரை மரத்தில் பூச்சி அண்டாமல் இருந்தது. இப்போது புகையும் இல்லை, காற்றும் இல்லை. வாரம் ஒருமுறை எல்லா ஜன்னலையும் திறந்து, நெல் சேமிக்கும் பத்தாயத்தின் மூடியையும் திறந்து, ஒரு பகல் முழுக்க யாராவது வீட்டில் இருங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போக நெல்லும் கிடந்த பத்தாயம், இன்றைக்கு மூடிக் கிடந்தே பூசணம் பிடிக்கிறது. மச்சில் வௌவால் எச்சம் இருந்தால் உலர்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். மரநாய் குடியிருந்தால் அது இரவில் இரை தேடப் போன பிறகு, குட்டி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு வழியை அடையுங்கள். அதைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

மச்சில் பழைய ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தால் அவிழ்க்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். ஈரத்துணியால் துடைப்பது, வெயிலில் காயவைப்பது, தேங்காயெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். நாஞ்சில் நாட்டின் வரலாற்றில் பெரும்பகுதியை நமக்குச் சொன்னது அழகியபாண்டியபுரத்தில் ஒரு வீட்டிலிருந்த முதலியார் ஓலைகள்தான். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தேடிப் போய்ப் பார்த்திருக்காவிட்டால் அவையும் அடுப்புக்குப் போயிருக்கும். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் சுவடி நூலகத்திலும் இதற்கென்றே பழகியவர்கள் இருக்கிறார்கள். தரையைத் தோண்டும்போது மதிப்புள்ள ஏதாவது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் வருடப் புதையல் சட்டத்தில் அதற்கு வரம்பு பத்து ரூபாய்தான்.

சாவியோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் வாங்கிக்கொள்ளுங்கள். பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சொல்லிச் செய்த வேலையை இன்னொருவர் வந்து இடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

விரிசல் கண்டால் சாந்து அப்பி மறைக்காதீர்கள். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லை என்றால் அது பழைய விரிசல், அவசரமில்லை. திருவட்டாறு வீட்டில் ஐந்து இடத்தில் ஒட்டினோம். கார்த்திகை முடிவில் ஒன்றுதான் உடைந்திருந்தது, கிணற்றுப் பக்கத்து மூலையில். இருந்த பணம் முழுக்க அந்த மூலைக்கே போனது, மற்ற நாலும் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பையன்தான் இப்போது மழைநோட்டு எழுதுகிறான். நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு, ஆணியில் மாட்டித் தலைவாசலுக்கு உள்ளே தொங்குகிறது. போன மாதம் புரட்டிப் பார்த்தேன். 'மாலை 4.10, தென்மேற்குக் காற்று. வடக்குச் சாய்ப்பில் மூணாவது கழுக்கோல், சுவரிலிருந்து ரெண்டு முழம், சொட்டு. 4.35க்கு நின்றது. முற்றத்துத் தண்ணீர் 5 மணிக்கு வடிந்தது.' அடுத்த பக்கத்தில் தலைவாசல் சட்டத்தைப் பென்சிலால் வரைந்து, மூன்று குறியையும் எழுதி, நாலாவது இடத்தில் ஒரு கட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறான். பழைய கல்யாண போட்டோ எதிலாவது அந்த வாசல் வந்திருக்குமா என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறானாம்.