எடை குறைந்தால் மட்டும் போதுமா? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகான சாப்பாடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பலருக்கும் உள்ளுக்குள் ஒரே பயம்தான்: "பழையபடி அதிகமாகச் சாப்பிட்டுவிடுவேனோ?" உணவியல் நிபுணராக இவர்களோடு பல வருடங்களாகப் பேசிவரும் எனக்கு, முதல் ஆறு மாதங்களில் இருக்கும் கவலை இதற்கு நேர்மாறானது. தண்ணீர் போதவில்லை, புரதம் போதவில்லை, விட்டமின் மாத்திரை நின்றுபோய்விட்டது, ஆனால் எடை மட்டும் மளமளவென்று இறங்குகிறது என்று ஒருவர் மகிழ்ச்சியோடு வந்து உட்காரும்போதுதான் எனக்குப் பதற்றமாக இருக்கும். இரைப்பையைச் சுருக்கிய பிறகு எடை எப்படியும் இறங்கும். உடம்பு தேறிவருகிறதா என்பதை எடை மெஷின் சொல்லாது.

உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், நாங்கள் சொல்லும் கட்டுப்பாடுகள் தண்டனையாகத் தோன்றாது. இன்று பரவலாகச் செய்யப்படும் முறைகள் இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு நீளக் குழாயாக விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்த மேல்பகுதியில்தான். அதனால்தான் ஆரம்ப மாதங்களில் பசியே தெரிவதில்லை. பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் ஒரு சிறு பையை இரைப்பையின் உச்சியில் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமலே கீழே போய்விடும். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் இடம் அந்த முன்சிறுகுடல்தான் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

முதலில் தண்ணீர். வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை ஓரிரு நாள் தெளிந்த திரவம், அடுத்து இரண்டு வாரம்போலக் கெட்டியான திரவம், அதன்பின் நன்றாக மசித்தது, பிறகு மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரங்களில் ஏறக்குறைய வழக்கமான சாப்பாடு என்று படிப்படியாகப் போக வேண்டும். நாள்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். உங்கள் குழு எழுதிக்கொடுத்த அட்டவணைதான் உங்களுக்கு. உங்களோடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மூன்றாம் வாரமே எல்லாம் சாப்பிட்டாராம் என்பதற்காக நீங்கள் அவசரப்படக் கூடாது. ஆனால் எந்தக் கட்டத்திலும் மாறாதது தண்ணீர்க் கணக்கு: ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர். மடக்மடக்கென்று குடித்த காலம் போய்விட்டது. 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கோப்பை, சிறு சிறு வாயாக. மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். முடியாது என்று நினைத்தவர்கள்கூட அலாரம் வைத்துக்கொண்டு செய்து முடிக்கிறார்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி மருத்துவமனையில் சேர நேரும் காரணங்களில் நீரிழப்பு முக்கியமானது. தண்ணீர் குறைந்தால் குமட்டும், குமட்டினால் தண்ணீர் குடிக்கப் பிடிக்காது, அதனால் இன்னும் குறையும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, நாக்கு வறண்டு ஒட்டுவது இவையெல்லாம் அந்தச் சுழலில் கால் வைத்துவிட்டீர்கள் என்பதற்கான அறிகுறிகள்.

இனி சாப்பிடும் விதம். புதிய வயிறு, "போதும்" என்பதைப் பழைய மாதிரி சொல்வதில்லை. முன்பு வயிறு நிறைந்த உணர்வு அடிவயிறு வரை கனமாகத் தெரியும். இப்போது நெஞ்செலும்புக்குக் கீழே லேசான ஒரு அழுத்தம், அவ்வளவுதான். சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு ஒரு பெருமூச்சு, சிலருக்கு மூக்கில் நீர் வடிதல் என்று சாப்பிட உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உடம்பு சின்னதாக ஒரு அடையாளம் காட்டும். அதைத் தவறவிட்டு இன்னும் ஒரு வாய் சாப்பிட்டால் நெஞ்சில் அடைப்பு, நுரையாக எச்சில், பிறகு வாந்தி. இரண்டு மூன்று வாரம் கவனித்தால் உங்களுடைய அடையாளம் எது என்பது உங்களுக்கே பிடிபடும். அதற்கு டிவி, போன் எதுவும் இல்லாமல் சாப்பிட வேண்டும். சின்னக் கரண்டி, சின்னத் தட்டு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்கிவிட்டுக் கரண்டியைக் கீழே வையுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஒரு வேளைக்குப் போதும். அதற்குமேல் இழுத்தால் அது கொறிப்பதாக மாறிவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். உலர்ந்த கோழித் துண்டு, மெத்தென்ற ரொட்டி, குழைந்து ஒட்டும் சோறு ஆகிய மூன்றும் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்வதில் பேர்போனவை. ஆரம்பத்தில் தள்ளியே வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. தட்டில் நான்கு கரண்டி மட்டும் இருப்பதைப் பார்த்தால் அம்மாவுக்கு மனசு கேட்காது. "இன்னும் ஒரு வாய் சாப்பிடும்மா" என்று பாசத்தோடுதான் சொல்வார். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வெளியே வருகிறது. உங்கள் அன்பைத் தண்ணீர்க் கோப்பையை நிரப்பிக் கொடுப்பதிலும், மாலையில் கூட நடப்பதிலும் காட்டுங்கள். தட்டில் மீந்துபோனதைப் பற்றி எதுவும் பேசாமல் இருப்பதும் பெரிய உதவி.

வாந்தியைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். "ஆபரேஷன் ஆனால் வாந்தி வரத்தானே செய்யும் மேடம்" என்று பலரும் அதை ஏற்றுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வேகமாகச் சாப்பிட்டதால், மெல்லாமல் விழுங்கியதால் எப்போதாவது வருவது வேறு. நாள்தோறும் வருவதும், தண்ணீர்கூடத் தங்காமல் போவதும் ஒருபோதும் இயல்பல்ல. இணைத்த இடம் சுருங்கிப்போயிருக்கலாம், வேறு சிக்கலும் இருக்கலாம். அதைவிட எனக்குப் பயம் தருவது தயமின் என்னும் விட்டமின் பி1 குறைபாடு. நம் உடலில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும், பாதம் மரத்துப்போகும், பேச்சில் குழப்பம் வரும். தாமதித்தால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். இப்படிப்பட்டவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அதனால் இரவில் அவசரமாக எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது, இத்தனை நாளாக வாந்தி, தயமின் தேவைப்படுமா பாருங்கள் என்று கூட வருபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊசியாகக் கொடுக்கக்கூடிய எளிய மருந்துதான் அது.

முதல் வாரங்களில் இன்னும் சில விஷயங்களுக்கு நேரம் பார்க்காமல் ஓட வேண்டும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், அதிகரிக்கும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல் இவை தையலில் கசிவு இருப்பதைக் காட்டலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அறுவை சிகிச்சை நடந்த அன்றே எழுப்பி நடக்கவைப்பது இதைத் தடுக்கத்தான்.

புரதத்துக்கு வருகிறேன். பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம் என்று கணக்குப் போட்டால், ஆரம்பத்தில் சாப்பாட்டில் மட்டும் இதை எட்ட முடியாது என்று புரியும். எனவே சில மாதங்களுக்குப் புரதப் பொடி எடுப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். தட்டில் முதலில் முட்டையோ மீனோ பருப்போ பனீரோ உள்ளே போகட்டும். அடுத்து காய்கறி. இடமிருந்தால்தான் மாவுச்சத்து. புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். எடை மெஷின் இரண்டையும் பிரித்துக் காட்டாது, ஆனால் படி ஏறும்போது கால் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் மாதம்போல முடி கொத்தாகக் கொட்டத் தொடங்கி, பலர் அழுதுகொண்டே வருகிறார்கள். வேகமான எடை இழப்பின் அதிர்ச்சியில் முடிக்கால்கள் ஓய்வுக்குப் போவதால் வருவது இது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்ப முளைக்கும். ஆறேழு மாதம் கடந்தும் நிற்கவில்லை என்றால் இரும்பு, துத்தநாகம், புரதம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். அதைச் செய்யாமல் விளம்பரத்தைப் பார்த்து முடிக்கான மாத்திரை வாங்காதீர்கள்.

பைபாஸ் செய்தவர்கள் இனிப்பில் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நேராகச் சிறுகுடலில் கொட்டும்போது 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம், இதை டம்பிங் என்கிறோம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்கும். வண்டி ஓட்டும்போது இது நேர்ந்தால் ஆபத்து. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு முதல் வாரங்களிலேயே அளவு குறைய வேண்டியிருக்கும், பழைய சீட்டை அப்படியே தொடர வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளும் புகைபிடிப்பதும் இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம். மது முன்பைவிட வேகமாக ஏறும். கருத்தரிப்பதை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்கிறோம். எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு கூடுகிறது, பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவும் முடியாது. இதைப் பற்றிப் பெண்களிடம் முன்கூட்டியே பேசாமல் விடுவது நியாயமல்ல.

முன்சிறுகுடலை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இரும்பையும் கால்சியத்தையும் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய முக்கியக் காரணம் அதுதான். விட்டமின் டி, பி12 இரண்டும் அப்படியே வாழ்நாள் முழுக்கத் தேவை; பி12 உறிஞ்சப்பட இரைப்பையின் சுரப்பு வேண்டும், அது இப்போது குறைந்துவிட்டது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு முன்சிறுகுடல் அப்படியே இருந்தாலும், இந்த மாத்திரைகள் அவர்களுக்கும் தேவை. அமிலம் குறைந்த வயிற்றிலும் கரையும் என்பதால் கால்சியம் சிட்ரேட் நல்லது. ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், இரண்டு மூன்று தவணையாக. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பி12 விஷயத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். கல்லீரலில் அதன் கையிருப்பு வருடக்கணக்கில் இருக்கும், மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருடம் சோர்வும் பாதத்தில் எரிச்சலும் வரும்போது, அதற்கும் இந்த அறுவை சிகிச்சைக்கும் தொடர்பு இருக்குமென்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதையெல்லாம் படித்து, செய்துகொண்டது தவறோ என்று கலங்க வேண்டாம். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருப்பதை 2007-இல் வெளியிட்டது. பலன் உண்மையானது. அந்தப் பலன் முழுதாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் கவலை.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதத்தில் எடை பெரும்பாலும் அதன் அடிமட்டத்தைத் தொடும். அதன்பின் கொஞ்சம் ஏறுவது சகஜம். இந்தக் கட்டத்தில்தான் பசி திரும்பத் தொடங்கும், மனப்பசியும் சேர்ந்துகொள்ளும். கோபத்திலும் தனிமையிலும் சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லாமல் போன துக்கம் பெரியது, அதற்கு மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இறைச்சியும் முட்டையும் நெஞ்சில் நிற்கும், ஆனால் சிப்ஸும் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எளிதாக இறங்குகிறதே என்று அதையே நாள் முழுக்கக் கொறித்துப் பலர் எடை கூடிவிடுகிறார்கள். கூடியதும் வெட்கப்பட்டு எங்களிடம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வாருங்கள். ஐந்து கிலோ ஏறியபோது வந்தால் சரிசெய்ய வழிகள் நிறைய. திட்டுவதற்காக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, எடை எவ்வளவு இருந்தாலும் சரி. எந்த முறையில் அறுவை சிகிச்சை நடந்தது என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டைப் படமெடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பல் வலிக்குப் போனாலும் அதைக் காட்டிவிட்டே மருந்து எழுதி வாங்குங்கள்.