காலை ஏழு மணிக்கு ஐந்து மாத்திரை

அந்த அக்கா பையைக் கவிழ்த்ததும் மேசையில் ஐந்து பெட்டிகள் விழுந்தன. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம், பெண்களுக்கான மல்டிவைட்டமின், அப்புறம் முடி கொட்டுகிறதென்று மகள் இணையத்தில் வரவழைத்துக் கொடுத்த பயோட்டின். "எல்லாம் ஒழுங்காத்தாம்மா போடுறேன், ஒரு நாள் விட்டதில்ல. ஆனா ஓவர்பிரிட்ஜ் படி ஏறினா மூச்சு வாங்குது, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலை ஏழு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், ஐந்தையும் ஒன்றாக. எதோடு? சூடான தேத்தண்ணியோடு.

சிங்கப்பூரில் 16 வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். இந்தப் பையை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நம் பெண்கள் மாத்திரையைத் தட்டிக் கழிப்பவர்கள் இல்லை, சொன்னால் சொன்னபடி போடுபவர்கள். எதை எதோடு சேர்த்துப் போடக் கூடாது என்பதையும், அந்தச் சத்து உடம்பில் ஏன் குறைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதையும்தான் அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

அந்த அக்காவின் வயிற்றுக்குள் ஏழு மணிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். இரும்பும் கால்சியமும் குடலில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் இரும்பையும் உள்ளே போக விடாது. தேத்தண்ணியில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆக, இவை ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. தைராய்டு அளவு சரியாகவில்லை என்று மருத்துவர் இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். கடையில் வாங்கிய இரும்பையும் கால்சியத்தையும் பற்றி அவரிடம் அக்கா சொல்லவில்லை. "அது மருந்தா? சத்து மாத்திரைதானேம்மா" என்றார்.

பயோட்டின் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். அந்தப் புட்டியில் ஒரு மாத்திரைக்கு 10,000 மைக்ரோகிராம் இருந்தது. அவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் ஓடினால் சில ஆய்வுக்கூடங்களில் தைராய்டு பரிசோதனையின் எண்களே தப்பாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் தப்பலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. இரத்தம் கொடுக்கப் போகும்போது இதைச் சாப்பிடுவதாகக் கட்டாயம் சொல்லுங்கள்.

அன்று அவருடைய பெட்டிகள் மேல் தடித்த பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுந்ததும் தைராய்டு, தண்ணீரோடு மட்டும். பசியாறும்போது தேத்தண்ணி. மதியச் சோற்றோடு கால்சியம். மாலை ஐந்து மணிக்கு இரும்பு, எலுமிச்சைத் தண்ணீரோடு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தே, காப்பி கூடாது. மல்டிவைட்டமினில் இரும்பும் கால்சியமும் மறுபடி இருந்ததால் அதை எடுத்து வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே கூட்டிய தைராய்டு மாத்திரை இனி முழுதாக உடம்பில் சேருமே, அதனால் மருத்துவரிடம் இந்த மாற்றத்தைச் சொல்லி ஆறு வாரத்தில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும். மாதவிடாய் வரும் வயதில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. ஆணுக்கு 8 போதும், கர்ப்பிணிக்கு 27. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சிய குழம்பைப் போட்டுச் சாப்பிடுகிறவருக்குத்தான் இரண்டு மடங்கு இரும்பு தேவைப்படுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

"தினமும் கீரை செய்றேனே" என்பார்கள். நல்ல விஷயம், விடாதீர்கள். ஆனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற இரும்பைப் போல எளிதில் உள்ளே போகாது. கூட வைட்டமின் சி இருந்தால் நன்றாகப் போகும். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்டதும் இரண்டு துண்டு கொய்யா. சாப்பாட்டுக்குப் பின்னாலேயே தே தாரிக் (ஆற்றிய பால் தேத்தண்ணி) வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். காசு செலவில்லாத மாற்றம் இது.

அடுத்தது பரிசோதனை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால்தான் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு இரத்தசோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆனால் உடம்பு முதலில் சேமிப்பைத்தான் கரைக்கும். ஹீமோகுளோபின் 12.3 என்று அழகாக இருக்கும், உள்ளே கிடங்கு காலியாக இருக்கும். அந்தக் கிடங்கைக் காட்டுவது ஃபெரிடின் என்ற எண். நோயில்லாத பெண்ணுக்கு அது 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அசதி தீரவில்லை, முடி கொட்டுகிறது என்றால் ஃபெரிடினையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு காரணத்துக்காகவும் இது முக்கியம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு குறைந்திருக்காது. அப்படிப்பட்டவர்கள் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டால் நன்மை இல்லை, கெடுதல் வரலாம்.

200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட் மாத்திரை ஒன்றில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் நிறுத்திவிடாதீர்கள், எங்களிடம் வாருங்கள். இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த நாள்வரை கதவைப் பாதி சாத்திவிடும். அதனால் பலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதே நன்றாக வேலை செய்கிறது, வயிறும் கெடுவதில்லை. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும்.

ஒருமுறை ஓர் அம்மா மகளுக்காக இரும்பு மாத்திரை வாங்க வந்தார். பின்னால் காய்கறிப் பைகளோடு அவர் வீட்டுப் பணிப்பெண் நின்றது. திருவாரூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். உதடு சாம்பல் பூத்திருந்தது. பையை மாற்றிப் பிடிக்கும்போது நகங்கள் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்றேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்கா இருக்கேன்" என்றது. மாதவிடாய் எத்தனை நாள் என்று மெதுவாகக் கேட்டேன். பத்து நாள். நல்லவேளை, அந்த அம்மா அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப் போனார். ஹீமோகுளோபின் 7.9. பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. ஆனால் அதன் நோக்கம் வேறு, சத்துக் குறைவை அது கண்டுபிடித்துவிடும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணையும் ஒரு கண் பாருங்கள்.

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அதிகமாத்தான் போகும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஏழு நாளுக்கு மேல் நீண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் பேட் நனைந்துபோனால், சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் அளவுக்கு இரத்தக்கட்டி விழுந்தால், அது குடும்ப வழக்கம் இல்லை. கருப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாதவிடாய் நின்றபின் இரும்பு குறைந்தால் இன்னும் கவனம் வேண்டும். மாதாமாதம் இழப்பு இல்லையே, பின் எங்கே போகிறது? மூட்டு வலிக்குத் தினமும் போடும் வலி மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியலாம், பெருங்குடலில் புற்றுநோயும் இருக்கலாம். அம்மாவுக்கு இரத்தம் கம்மி என்று டானிக் வாங்க வரும் பிள்ளைகளிடம் நான் டானிக்கைக் கொடுத்து அனுப்புவதில்லை, முதலில் மருத்துவரிடம் அனுப்புகிறேன். அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் 50 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்தப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12 பற்றிக் கேட்கிறார்கள். புரட்டாசி ஒரு மாதம் கறி, மீன் விட்டால் ஒன்றும் ஆகாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும். ஆயுள் முழுவதும் சைவம் என்றால் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான், ஆனால் அது செடிகொடிகளில் இல்லை. பால், தயிர், முட்டைதான் வழி. பாலும் வேண்டாம் என்கிற இளம்பெண்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கும் பி12 குறையும், கறி சாப்பிட்டாலும் சரி. கால் மரத்துப்போனால் சர்க்கரைதான் என்று விட்டுவிடுவார்கள், அது பி12 குறைவாகவும் இருக்கலாம். இந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இரத்தம் சரியானதுபோலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் பி12ஐப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

சிங்கப்பூர்ப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்குக் கால்சியம் 50 வயதுவரை ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம், அதற்குமேல் 1,000. கேழ்வரகு, பால், முள்ளோடு மெல்லும் நெத்திலி, தவ்குவா (கெட்டியான சோயா டோஃபு) இவற்றிலிருந்து பாதிக்குமேல் வந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் மாத்திரை. பெட்டியில் கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500தான். ஒரு வேளைக்கு அதற்குமேல் போட்டால் உடம்பு நன்றாக வாங்கிக்கொள்ளாது, சாப்பாட்டோடு போடுங்கள்.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து கூரை போட்ட நடைபாதை, எம்ஆர்டி ரயில், குளிரூட்டிய அலுவலகம், மறுபடி இருட்டியபின் வீடு. வெயில் எங்கே படுகிறது? நம் தோலின் நிறத்துக்கு இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். வைட்டமின் டி ஒரு நாளைக்கு 600 அலகு (பெட்டியில் IU என்று இருக்கும்), 70 வயதைத் தாண்டினால் 800. என் பயம் குறைவைப் பற்றி மட்டும் இல்லை. ஊரிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் 60,000 அலகு பொட்டலம் இருக்கிறதே, அது வாரம் ஒன்று என்ற கணக்கில், சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதிக் கொடுப்பது. ஓர் ஆன்ட்டி அதைத் தினமும் பாலில் கலந்து இரண்டு மாதம் குடித்திருந்தார். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல். இரத்தத்தில் கால்சியம் எகிறி, மருத்துவமனையில் படுக்க வேண்டி வந்தது. இந்த வைட்டமின் சிறுநீரில் கரைந்து போய்விடாது, உடம்புக் கொழுப்பில் தங்கும்.

கல்யாணமாகப் போகிற பெண்களுக்கு ஒன்று. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் போகும்போது அந்த நாட்கள் பெரும்பாலும் கழிந்திருக்கும். அதனால் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்க முயற்சி செய்வதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆவது வாரம்வரை தினமும் எடுங்கள். நீரிழிவோ வலிப்பு நோயோ இருந்தால் அதிக அளவு வேண்டியிருக்கும், முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமான பிறகு ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும் வேண்டாம். அவற்றில் இருக்கும் மிகையான வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும்.

சிங்கப்பூரில் மருந்துகளைப் போலச் சத்து மாத்திரைகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. தரத்துக்கு விற்பவர்தான் பொறுப்பு. ஆகவே எங்களிடம் வரும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொண்டுவராதீர்கள். இணையத்தில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது, தோழி கொடுத்தது, லேகியம், சத்து மாவு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டுங்கள். எதை எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.