நாலு ஆட்டம் ஜெயித்தும் ரேட்டிங் குறையுமா?

"சதுரங்கப் போட்டி ஒன்றில், ஐந்து ஆட்டத்தில் நான்கில் என் மகள் ஜெயித்தாள், ஒன்றில்தான் தோற்றாள். ஆனாலும் ரேட்டிங் 24 புள்ளி இறங்கிவிட்டது. கணக்கில் தப்பா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தப்பில்லை. ரேட்டிங் என்பது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்; அவளோடு ஆடிய ஐவரும் அதில் அவளைவிட 400 புள்ளி கீழே இருந்தவர்கள்.

இந்த ரேட்டிங் முறையை வகுத்த ஆர்பட் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்தவர். 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இதை ஏற்றது. இதில் என்னை மயக்குவது ஒன்றுதான்: முதல் காயை நகர்த்தும் முன்பே இருவர் பெயரிலும், இவ்வளவு எடுக்கவேண்டும் என்று கடன் எழுதப்பட்டுவிடுகிறது.

2023 அக்டோபர், கத்தார் மாஸ்டர்ஸ். வெள்ளையில் முன்னாள் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், ரேட்டிங் 2839. கறுப்பில் தஞ்சாவூர்க்காரர் கார்த்திகேயன் முரளி, 2611. இடைவெளி 228. ஃபிடே அட்டவணையில் அதற்கு நேரே இருப்பது 0.79. அதாவது, இந்த இருவரும் நூறு முறை மோதினால் வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று கூட்டி கார்ல்சன் 79 எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. அவர் கடன் 0.79, கார்த்திகேயன் கடன் 0.21. அன்று ஜெயித்தது கார்த்திகேயன். கார்ல்சன் எடுத்தது பூஜ்யம், பாக்கி 0.79. அதை 10ஆல் பெருக்குங்கள் (2400ஐத் தொட்டவர்களுக்கு அதுதான் பெருக்கெண்): 7.9 புள்ளி அவரிடமிருந்து போனது, அப்படியே கார்த்திகேயனுக்கு வந்தது. கார்ல்சன் ஜெயித்திருந்தால் கிடைத்திருப்பது வெறும் 2.1.

அதே போட்டியில் 2512 ரேட்டிங் கொண்ட கஜகஸ்தான்காரர் சுலெய்மெனோவிடமும் கார்ல்சன் தோற்றிருந்தார், அங்கே போனது 8.7. இரண்டும் சேர்ந்து 16.6. இதை மீட்க, 2611காரர்களை எட்டு முறை ஜெயிக்க வேண்டும்!

ஒரு குறை சொல்லவேண்டும். யார் வெள்ளை, யார் கறுப்பு என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. வெள்ளைக்கு ஒரு கை முந்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்பில் ஜெயித்த கார்த்திகேயனுக்குக் கால் புள்ளிகூட அதிகம் கிடைக்கவில்லை.

சரி, வாசகியின் மகள். 400 இடைவெளிக்கு 0.92, ஐந்து ஆட்டத்துக்குக் கடன் 4.6, எடுத்தது 4. பாக்கி 0.6. பதினெட்டு வயதுக்குள் இருப்பதால் பெருக்கெண் 40, ஆக 24. அடுத்த போட்டியில் தன்னைவிட 400 அதிகமான ஒருவரோடு டிரா செய்தால் போதும், 16.8 திரும்ப வந்துவிடும்.