சிறுகோள்: சொல்லும் இடுபெயரும்

ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறு பாறைப் பொருள்களான சிறுகோள்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அஸ்டிராய்டு' என்ற சொல்லின் கிரேக்க வேர் விண்மீனைக் குறிக்கும் 'ஆஸ்டர்'. முழுச்சொல்லின் பொருள் 'விண்மீன் போன்றது'. 1802-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இச்சொல்லை வழங்கியதற்குக் காரணம், தொலைநோக்கியில் கோள்கள் வட்டமாக விரிய, இவை மட்டும் விண்மீன்களைப்போல் வெறும் புள்ளியாக நின்றதே. தோற்றத்தை வைத்து இட்ட பெயர். இயல்போடு அதற்கு உறவில்லை.

தமிழ்ச் 'சிறுகோள்' அந்தக் குழப்பத்துக்கு இடம் தரவில்லை. 'சுடு' சூடு ஆவதுபோல், பற்றுதல் என்னும் பொருளுடைய 'கொள்' நீண்டு 'கோள்' ஆயிற்று. 'கிரகம்' என்ற வடசொல்லின் வேருக்கும் அதே பொருள்தான். நாள்மீன் (விண்மீன்) வேறு, கோள்மீன் (கோள்) வேறு என்ற தெளிவு பட்டினப்பாலையிலேயே உண்டு. (குளச்சல் கரையில் மீன் என்றால் வலையில் அகப்படுவதுதான், அங்கே விடிவெள்ளி என்று சுட்டப்படுவதும் உண்மையில் ஒரு கோளே.) 'குறுங்கோள்' என்பதை இதனோடு கலக்கக் கூடாது, அது 2006-இல் புளூட்டோவுக்கும், அதுவரை சிறுகோள் எனப்பட்ட சீரிசுக்கும் வகுக்கப்பட்ட தனி வகை.

குமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களில் ஒரு நிலத்துக்குச் சர்வே எண்ணும் இருக்கும், 'மாவிளை', 'புளியடிவிளை' என்பதுபோல் விளைப்பெயரும் (தோட்டத்தின் பெயர்) இருக்கும். சிறுகோளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. கண்டறிந்தவுடன் கிடைப்பது தற்காலிகக் குறியீடு. '2024 ஒய்ஆர்4' என்பதில் ஒய் டிசம்பரின் பிற்பாதியைக் குறிக்கும். 'ஐ' நீங்கலான 25 ஆங்கில எழுத்துகளின் வரிசை, ஈற்றிலுள்ள 4 காட்டுவதுபோல் நான்கு முறை முழுதாகச் சுற்றி, ஐந்தாம் சுற்றில் 17-ஆம் எழுத்தான ஆர் வருவதால், அந்த அரைமாதக் கணக்கில் அது 117-ஆவது கண்டுபிடிப்பு. சுற்றுப்பாதை ஐயமின்றி உறுதியான பிறகே நிலையான எண் தரப்படும். அதன்பின் பத்தாண்டுகள்வரை பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தவருக்கு உண்டு. ஏற்பதும் மறுப்பதும் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழுவின் பொறுப்பு. பெயர் 16 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். வணிகப் பெயர் ஆகாது. அரசியலாலோ போராலோ அறியப்பட்டவர் எனில் அவர் மறைந்து நூறாண்டு கழிய வேண்டும். 2309-ஆம் சிறுகோளுக்குக் கண்டறிந்தவர் தம் பூனையின் பெயரைச் சூட்டிவிட்டார். வளர்ப்பு விலங்குகளின் பெயர் வேண்டாம் என்ற அறிவுரை அதன் பிறகு வந்தது.

1801 சனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாசி கண்ட முதல் சிறுகோளுக்குச் அத்தீவின் வேளாண் தெய்வத்தின் பெயரோடு மன்னர் பெர்டினாந்தின் பெயரும் சேர்ந்தே இடப்பட்டது. மன்னர் பெயர் நிலைக்கவில்லை, தெய்வத்தின் பெயரான சீரிசு மட்டும் நின்றது. நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு: 1861-இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் கண்டது, ஆசியாவில் கண்ட முதலாவது என்பதால், '67 ஆசியா' ஆயிற்று. 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டறிந்தது '4130 ராமானுஜன்'. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயரோ 'விஷிஆனந்த்' என ஒரே சொல்லாகச் சுருங்கி 4538-ஆம் எண்ணோடு நிற்கிறது.

இவற்றைத் தமிழில் எழுதுகையில் பொதுச்சொல்லை மட்டுமே தமிழாக்க வேண்டும் என்பது என் கருத்து. சீரிசை 'வேளாண்தேவி' என்று மொழிபெயர்ப்பது, மாவிளையை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பத்திரம் பதிவதற்கு ஒப்பாகும்.